நீலத்தாள் ஒட்டிய இடம்

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு பொது வியாதி உண்டு. கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு வீடு முழுக்கக் கண்ணாடியைத் தேடுவோம். மருந்துச் சீட்டைக் கை நீட்டிப் பிடிப்போம், கை பத்தாது. பேரனைக் கூப்பிட்டு, "இதப் பிடிச்சிக்கிட்டு அங்கன போயி நில்லுலே" என்போம். சிரிக்காதீர்கள், நீங்களும் செய்கிற ஆட்கள்தான்.

போன மாதம் அக்காவுக்குக் கண்புரை ஆபரேசன். இரண்டு கண்ணும் முடிந்து கட்டுப் பிரித்த பிறகு துணைக்கு நான் சங்கரன்கோவில் போயிருந்தேன். ஒரு நாள் காலையில் அவள் பீரோவைக் குடைந்து, பழைய சேலைக்குள் சுற்றி வைத்திருந்த ஒரு சாமானை எடுத்து வந்து என் மடியில் போட்டாள். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. என்ன சாமான் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு வைகாசி மாதத்தைச் சொல்ல வேண்டும்.

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகிற பாதையில் எங்கள் ஊர். கரிசல் காடு. வைகாசியில் தரை வாய் பிளந்து கிடக்கும். என் செருப்பு ஒன்று ஒரு வெடிப்புக்குள் விழுந்து, குச்சியை விட்டுத் துழாவியும் வராமலே போய்விட்டது. பருத்திமாறு பிடுங்கிய காட்டில் சூறைக்காற்று சுற்றும். பச்சை என்று பார்க்க வேண்டுமானால் உடைமரத்தைத்தான் பார்க்க வேண்டும், அதிலும் பாதி முள்.

அப்பா தீப்பெட்டி ஆபீசில் மேஸ்திரி. தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். கட்டுக் கட்டாக வருகிற பெட்டிகளில் லேபிள் கோணலாக ஒட்டியது எது, மருந்து சரியாகத் தடவாதது எது என்று நின்ற இடத்திலிருந்தே பொறுக்கி வெளியே எறிவார். "மேஸ்திரி கண்ணுக்குத் தப்பாது" என்று முதலாளி வரைக்கும் சொல்வார்கள். அப்பாவுக்கு அதில் பெருமை. அந்தப் பெருமைதான் எங்கள் வீட்டைப் பாடாய்ப் படுத்தியது.

அக்காவுக்கு அப்போது இருபது வயது. எனக்கு ஒன்பது. வீட்டிலேயே பெட்டி ஒட்டுவோம். பசைச் சட்டியும் நீலத்தாளும் மரச்சில்லுமாக முற்றம் நிறைந்து கிடக்கும். அக்கா பெட்டியை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து ஒட்டுவாள். அவள் ஒட்டியதில் ஒன்றைக்கூட அப்பா எறிந்ததில்லை.

ஆனால் ஊரில் அவளுக்கு வேறு பெயர். "மேஸ்திரி மவளுக்குத் திமிரு. எதுத்தாப்ல வந்து சிரிச்சாலும் பாக்காத மாதிரிப் போவா." இதைக் கேட்டுக் கேட்டு அம்மா வெந்து போவாள். போதாததற்கு அக்காவுக்குக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற பழக்கம் வேறு. "பொம்பளப் புள்ள ஆளப் பாத்துக் கண்ணச் சுருக்குனா என்னட்டி அர்த்தம்? முழிச்சுப் பாரு!" என்று அம்மா தலையில் குட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு நம்பர் எழுதிய பலகை முன்னால் தொங்கும். நான் நம்பரைச் சொன்ன பிறகுதான் அக்கா புத்தகத்தைப் புரட்டுவாள். பஸ் வந்தால், "எந்த ஊரு போட்டிருக்கு?" என்று என்னைக் கேட்பாள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைப் பார்த்து எழுதத் தெரியாத மக்கு என்று எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். இவ்வளவையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அவளுக்குத் தூரம் தெரியவில்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள். அவளுக்கே தோன்றவில்லை. உலகம் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வைகாசியில்தான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, கப்பலில் வேலை. தூத்துக்குடியில் இறங்கி, லீவு முடிகிறவரை அங்குமிங்குமாக இருந்துவிட்டுத் திரும்பவும் கப்பலேறுவார். வரும்போது அக்காவுக்கு ஒரு மாப்பிள்ளைப் பேச்சும் கொண்டு வந்தார். அவரோடு கப்பலில் வேலை செய்கிறவர், நம் ஆட்கள், தங்கமான பையன். ஆனால் அவர் கரைக்கு வர இன்னும் எத்தனையோ மாதம் ஆகும். மாப்பிள்ளையின் அம்மா வந்து அக்காவைப் பார்த்துப் பூ வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பெண் மாப்பிள்ளையைப் பார்ப்பது எப்படி?

அதற்குத்தான் மாமா படம் பார்க்கிற பெட்டி ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். உள்ளங்கையில் அடங்குகிற சாம்பல் நிற பிளாஸ்டிக் பெட்டி. முன்னால் ஒரு உருண்டைக் கண்ணாடி. அது ஒரு குழாயில் பொருத்தி, உள்ளேயும் வெளியேயும் நகரும்படி இருந்தது. பின்னால் ஒரு இடுக்கு. அட்டைச் சட்டம் போட்ட சின்னப் படச்சில்லு ஒன்றை அதில் செருகி, பித்தானை அமுக்கினால் உள்ளே விளக்கு எரியும். கண்ணை வைத்துப் பார்த்தால், அம்மாடி! படம் சுவர் மாதிரி எழுந்து நிற்கும். புது பிளாஸ்டிக்கும் பேட்டரியும் கலந்த அந்த வாசனை இப்போதுகூட எனக்கு மூக்கில் இருக்கிறது. மாப்பிள்ளை படம் ஒன்று, துறைமுகம் ஒன்று, மழை பெய்து ஓய்ந்த ஏதோ வெளிநாட்டுத் தெரு ஒன்று. அந்தத் தெருவில் இரண்டு பக்கமும் பெரிய பெரிய மரங்கள்.

"வெளிநாட்டுல எடுத்த பிலிம். அதுல சில்லாத்தான் வரும், அட்டைப் படமா வராது. பெட்டிய இங்கனயே வச்சுப் பாத்துக்கிடுங்க. நான் கப்பலேறப் போறப்ப வாரேன். புள்ளயக் கேட்டு ஒரு வார்த்த சொல்லுங்க அத்தான், போதும்" என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டு மாமா தூத்துக்குடிக்குப் போய்விட்டார்.

ஊரே எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி, அவர் பெண்டாட்டி, எதிர்வீட்டுப் பெரியம்மா, தபால்காரர், எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கிற ஒவ்வொருவரும் குழாயை இழுப்பார்கள், தள்ளுவார்கள். ஒருவர் "தெரியுது!" என்ற இடத்தில் அடுத்தவர் "என்னய்யா பொகையா இருக்கு" என்பார். அப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் வாங்கிச் சரிசெய்து, "இந்தா, இதுதான் அளவு. தொடாமப் பாருங்க" என்று கொடுப்பார். அடுத்த ஆள் மறுபடியும் திருகுவார்.

கடைசியில் அப்பா ஒரு காரியம் செய்தார். தன் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிந்த இடத்தில் குழாயை நிறுத்தி, தீப்பெட்டிக்கு ஒட்டுகிற நீலத்தாளில் ஒரு பட்டை கிழித்து, பசை தடவி, குழாயும் பெட்டியும் சேருகிற இடத்தில் சுற்றி ஒட்டிவிட்டார். "இனிமே எவனும் அசைக்க முடியாது" என்றார். தீப்பெட்டி மேஸ்திரிக்கு இதைவிட நல்ல யோசனை எங்கிருந்து வரும்?

எனக்கு எப்படி வைத்தாலும் தெரிந்தது. குழாய் உள்ளே இருந்தாலும் தெரிந்தது, வெளியே இருந்தாலும் தெரிந்தது. அதைச் சொன்னேன். "ஒனக்கு என்னட்டி தெரியும், வெளாட்டுப் புள்ள" என்றார்கள். சின்னப்பிள்ளைக் கண் எதற்கும் வளைந்து கொடுக்கும், நாற்பதைத் தாண்டினால் அந்த வளைவு போய்விடும் என்று இன்றைக்கு டாக்டர் சொல்லித் தெரிகிறது. அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

பார்க்க வேண்டியவள் கடைசியில்தான் பார்த்தாள். அது எங்கள் வீட்டு வழக்கம். பெரியவர்கள் எல்லாரும் பார்த்து முடித்த பிறகுதான் பெண்ணின் கைக்குப் போகும். கல்யாணப் பெண் முந்திக்கொண்டு பார்த்தால் வெட்கங்கெட்டவள் என்பார்கள். அக்காவின் கைக்கு வந்தபோது நீலத்தாள் ஒட்டிக் காய்ந்திருந்தது. ஒரு கண்ணை மூடி மறு கண்ணை வைத்தாள். அப்பா எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"தெரியுதா?"

அக்கா கண்ணைச் சுருக்கினாள்.

"கண்ணச் சுருக்காத. நல்லா முழிச்சுப் பாரு. தெரியுதா?"

"மங்கலா இருக்குப்பா."

அப்பா பெட்டியை வாங்கிப் பார்த்தார். திரும்பக் கொடுத்தார். "பளிச்சுன்னு இருக்கு. சட்டப் பித்தான் மொதக்கொண்டு தெரியுது. பாரும்மா. தெரியுதா?"

அக்கா நெடுநேரம் பார்த்தாள். பெட்டியை மடியில் வைத்துவிட்டு, "இல்லப்பா. ஒண்ணும் தெரியல" என்றாள். கண் கலங்கிவிட்டது.

வீடு அப்படியே அமுங்கிப்போனது. இரவு அம்மா அப்பாவிடம், "அவளுக்கு மாப்பிள்ளையப் புடிக்கல. நேரடியாச் சொல்ல மாட்டாம இப்பிடிச் சொல்லுதா" என்று சொன்னது எனக்குக் கேட்டது. "கப்பக்காரன், வருசத்துல பாதி தண்ணிக்குள்ள கெடப்பான்னு பயப்படுதாளோ என்னமோ" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அக்கா என் பக்கத்தில் படுத்திருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும். அவள் கை என் கையை இறுக்கிப் பிடித்தது.

மறுநாள் மத்தியானம் அப்பா ஆபீசில், அம்மா கிணற்றடியில். அக்கா பெட்டியை எடுத்தாள். துணியை நனைத்து நீலத்தாள்மேல் சுற்றிச் சற்று நேரம் வைத்தாள். பசை இளகியது. தீப்பெட்டி ஒட்டிப் பழகிய விரல் அல்லவா, நுனியை நகத்தால் கிளப்பி உரித்தாள். முடியப் போகிற நேரத்தில் கொஞ்சம் கிழிந்துவிட்டது.

"ஏட்டி, எதையாவது போடு" என்றாள். நான் மழைத்தெருவைச் செருகினேன். அவள் கண்ணை வைத்துக்கொண்டு குழாயை மெல்ல உள்ளே தள்ளினாள். இன்னும் தள்ளினாள். திடீரென்று அவள் உடம்பு ஆடாமல் நின்றது.

"ஏட்டி... இலை இலையாத் தெரியுது!"

"மரம்னா இலை இருக்காதாக்கும்?" என்றேன் நான்.

"கிட்டப் போனா இருக்கும். தூரத்துல நின்னா மரம்னா பச்சையா ஒரு பொதி, அம்புட்டுத்தான்னு நெனச்சிருந்தேன். ஒனக்குத் தூரத்துலயும் இலை தெரியுமாட்டி?"

"தெரியுமே."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினாள். காலைச் சுட்டது. "கழுகுமல தெரியுதா?" "தெரியுது. அங்கன பாரு, குத்துக்கல்லாட்டம்." "எனக்கு வானந்தான் தெரியுது" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். தான் மக்கும் இல்லை, திமிர் பிடித்தவளும் இல்லை என்று அவளுக்கு அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது.

அதன் பிறகுதான் மாப்பிள்ளை படம். கப்பல் கம்பியில் சாய்ந்து நிற்கிறார். காற்றில் வெள்ளைச் சட்டை உப்பியிருக்கிறது. வெயிலுக்குக் கண்ணை இடுக்கிச் சிரிக்கிறார். பின்னால் கொடியில் யாருடைய பனியனோ காய்கிறது. "ஏட்டி, இவியளும் கண்ணச் சுருக்குதாவ!" என்று அக்கா சொன்னாள். "ஒரு பல்லு லேசா ஏறியிருக்கு பாரு." விளக்கு மங்குகிற வரைக்கும் பார்த்தாள். அவ்வளவு அழகாக அவள் இருந்து நான் அதற்குப் பிறகு பார்த்ததே இல்லை.

சாயங்காலம் அப்பா வந்து கால் கழுவி உட்கார்ந்ததும் அக்கா போய் நின்றாள். "அப்பா, இப்பத் தெரிஞ்சுதுப்பா. எனக்குச் சம்மதம்."

அப்பா முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அதை நான் பார்த்தேன். பிறகு அவர் கண் பெட்டிக்குப் போனது. கிழிந்த நீலத்தாள்.

"இத யாரு உரிச்சா?"

"நாந்தாம்ப்பா. குழாயக் கொஞ்சம் உள்ள தள்ளுனேன். அப்பத்தான் எனக்குத் தெரியுது. எனக்குக் கண்ணுல ஏதோ கொறை இருக்கும்போல. அவியகிட்ட அதையும் சொல்லிருங்க."

அப்பா பெட்டியை எடுத்துப் பார்த்தார். அது அக்கா வைத்த இடத்தில் இருந்தது. இந்தக் கண்ணில் பார்த்தார், அந்தக் கண்ணில் பார்த்தார். "இதுல எங்கம்மா தெரியுது? ஒரே பொகையால்ல இருக்கு?"

"தெரியுதுப்பா, எனக்குந் தெரியுது!" என்று நான் கத்தினேன். "அக்காளுக்கு ஏத்தாப்ல சொல்லாத" என்று அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த முற்றத்தில் யாருமே பொய் சொல்லவில்லை. அவரவர் கண்ணுக்குத் தெரிந்ததை அவரவர் சொன்னார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் நம்பவில்லை, அவ்வளவுதான்.

அப்பா அக்காவைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பக்கத்தில் உட்காரச் சொன்னார். "தெளிவாத் தெரிஞ்சப்ப தெரியலன்ன. பொகையா இருக்கிறப்ப சம்மதம்னு சொல்லுத. நேத்து அம்மா பேசினதக் கேட்டுட்டுப் பயந்துபோயிச் சொல்லுத. கண்ணு கொறைன்னா இம்புட்டு நேர்த்தியா எப்பிடிப் பெட்டி ஒட்டுவ? புடிக்காத எடத்துல புள்ளயத் தள்ளிவிடுத அப்பன் நான் இல்லம்மா. நீ பயப்படாத" என்று அவள் தலையைத் தடவினார். அக்கா "நெசமாத்தாம்ப்பா, நெசமாத்தாம்ப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் கூடியது. அன்பாகத்தான் அந்தச் சம்பந்தத்தைக் கலைத்தார்.

மாமா வந்தார். "புள்ளைக்கு இஷ்டமில்ல மாப்ள, மன்னிச்சுக்கிடுங்க" என்றார் அப்பா. மாமா அக்காவைப் பார்த்தார். மூன்று ஆண்கள் இருக்கிற இடத்தில் (பக்கத்து வீட்டு அண்ணாச்சியும் உட்கார்ந்திருந்தார்) கல்யாணப் பெண் வாயைத் திறந்து, எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது என்று எப்படிச் சொல்வாள்? அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். மாமா மாப்பிள்ளை படத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பெட்டியையும் மழைத்தெருவையும் மட்டும், "வெளாட வச்சுக்க மருமவளே" என்று எனக்குக் கொடுத்தார். நான் அதை அக்காவிடம் கொடுத்தேன். அவளுடையதுதானே அது.

அக்கா அந்தக் கப்பல்காரரையே நினைத்து உருகினாள் என்று கதை கட்டிவிடாதீர்கள். சில வருடம் கழித்துச் சங்கரன்கோவிலில் கல்யாணம் ஆனது. அத்தான் ஜவுளிக்கடை வைத்திருந்தார். நல்ல மனுஷர். அப்போதும் அப்பா கல்யாணத்துக்கு முன்னால் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இதாவது நெசமாச் சொல்லுதியாம்மா?" என்று கேட்டார். அந்த 'இதாவது' அவளைக் கொன்றுவிட்டது. மறு வருடம் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அதற்கப்புறம்தான் ஒரு நாள் அத்தான், "எதுத்தாப்ல வாற புருசனையே தெரியாமப் போறியே" என்று சிரித்துக்கொண்டே கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். கனத்த கண்ணாடி வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஊருக்கு வந்த அன்று அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி, கழுகுமலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அப்பா பாத்திருக்கணும்ட்டி" என்றாள்.

இப்போது மறுபடியும் போன மாதத்துக்கு வருகிறேன்.

மடியில் கிடந்தது அந்தப் பெட்டிதான். பேட்டரி போடுகிற இடம் துருவேறிக் கிடந்தது. பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டது. இடுக்கில் மழைத்தெரு அப்படியே இருந்தது. குழாய் அக்கா தள்ளிய இடத்திலேயே இருந்தது. "அப்பப்ப எடுத்துப் பாப்பேன். கண்ணாடியக் கழட்டிட்டு, ஜன்னலப் பாத்துப் பிடிச்சா தெரியும். நேத்துப் பாத்தா ஒண்ணுமே தெரியலட்டி. ஆபரேசன் தப்பாப் போச்சோ?" என்றாள். முகத்தில் பயம்.

"தூரத்துல தெரியுதுல்லா?"

"எதுத்த வீட்டுக் கொடியில காயித சேலைக் கரை தெரியுது. இதுதான் தெரியல."

நான் வாங்கிப் பார்த்தேன். எனக்கும் புகைதான். ஒன்பது வயதில் எப்படி வைத்தாலும் தெரிந்த கண்ணுக்கு இப்போது ஒன்றும் தெரியவில்லை. குழாயை இழுத்தேன். ஓரிடத்தில் விரலுக்குச் சொரசொரவென்று தட்டுப்பட்டது. பார்த்தால், பழைய பசை. அதில் நூலளவு நீலம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கோடு பெட்டியின் விளிம்புக்கு வந்த இடத்தில், படம் பளிச்சென்று எழுந்து நின்றது.

குழாயை அசைக்காமல் அக்காவிடம் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணில் வைத்தாள். அவள் விரலும் அந்தப் பசையைத் தடவியது. ஆபரேசனில் வைத்த லென்ஸ் அவளுடைய பழைய குறையையும் தீர்த்துவிட்டது, அந்தப் புதுக் கண்ணுக்கு இனி அந்த இடம்தான் அளவு.

"இது அப்பா ஒட்டுன எடம்லா?"

"ஆமா."

"அப்ப... நான் உள்ள தள்ளி வச்சத அவிய பாத்தப்ப, இப்ப எனக்கு இருந்துச்சே, அப்பிடித்தான பொகையா இருந்திருக்கும்?"

"ஆமாக்கா."

"பாவம்ட்டி அப்பா. அவியளும் தெரிஞ்சதத்தான சொல்லிருக்காவ."

வெளியே யாரோ கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள். அக்கா பெட்டியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. எதிரே நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு, கண்ணைச் சுருக்காமல் நன்றாக விழித்து,

"தெரியுதுப்பா" என்றாள்.